தெருவில் படமெடுக்க போன் போதுமா, கேமரா வாங்கணுமா?

போன புரட்டாசியில் என் சித்தி மகன் போன் பண்ணி, "அண்ணா, ஸ்ட்ரீட் போட்டோகிராபி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், அறுபதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன், எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டான். அவன் கையில் இருக்கும் போனே முப்பதாயிரம் பெறும். அதில் இதுவரை தெருவில் எத்தனை படம் எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன், பதிலைக் காணோம். சரி, பணம் அப்படியே இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வா, நீ போனில் எடு, நான் என் கேமராவில் எடுக்கிறேன், ஒரே தெரு, ஒரே வெளிச்சம், ராத்திரி வீட்டுக்குப் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

போனா கேமராவா என்ற கேள்விக்கு அந்த ஒரு சாயங்காலமே பாதி பதில் சொல்லிவிட்டது. அதை வைத்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்ட்ரீட் போட்டோகிராபி என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பொது இடத்தில் நடப்பதை, நில், சிரி, இங்கே பார் என்று சொல்லாமல், எந்த ஏற்பாடும் செய்யாமல் நடக்கிறபடியே எடுப்பது. தெருவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பஸ் ஸ்டாண்ட், சந்தை, கடற்கரை எல்லாம் சேர்த்திதான். கல்யாணத்துக்குப் படமெடுக்கிறவருக்கு மாலை மாற்றும் காட்சியை இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியும். தெருவில் இன்னொரு முறை என்ற பேச்சே கிடையாது. அதனால் இங்கே கருவியிடம் நாம் கேட்பது வேறு: சட்டென்று கைக்கு வரணும், ஆள் பக்கத்தில் போக விடணும், நாம் வந்து நின்றதாலேயே அங்கே நடப்பது மாறிவிடக் கூடாது. மெகாபிக்சல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸை மாற்றிக்கொள்ளும் வகைக் கேமரா, அதில் 24 மி.மீ. பான்கேக் லென்ஸ். பான்கேக் என்றால் தோசை மாதிரி தட்டையான லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடை 125 கிராம்தான். அவனுடையது சாதாரண ஆண்ட்ராய்டு போன், 50 மெகாபிக்சல்.

தெற்கு மாட வீதியில் ஆரம்பித்தோம். அந்தத் தெரு கிழக்கு மேற்காக ஓடும், அதனால் பங்குனியிலும் புரட்டாசியிலும் ஐந்து மணிக்கு மேல் சூரியன் நேராகத் தெருவின் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும். காய்கறிக் கடைகளுக்கு நடுவே வருகிற ஒவ்வொரு ஆளும் கறுப்பு உருவமாகவும், அவர் நிழல் நம் கால் வரைக்கும் நீளமாகவும் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். இருவரும் எடுத்தோம். என் படத்தில் குடையும் வேட்டி விளிம்பும் கறுப்பாக, பின்னால் தங்க நிறத்தில் தூசி. அவன் போனில் பெரியவரின் சட்டைப் பாக்கெட் வரை பளிச்சென்று தெரிகிறது, பின்னால் வானமும் நீலமாகத் தெரிகிறது, சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி எல்லாமே தெரிகிறது. அவனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

இது ஏன் என்று தெரிந்துகொண்டால் போனைப் பற்றிப் பாதி புரிந்த மாதிரி. போன் ஒரு படம் எடுப்பதாக நாம் நினைக்கிறோம். கேமரா ஆப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே அது படங்களை எடுத்து எடுத்து நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. பட்டனைத் தொட்டதும் அந்த நேரத்தை ஒட்டிய சில படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டான இடத்தைத் தூக்கிவிட்டு, வெளிச்சமான இடத்தை அடக்கி, ஒரே படமாக்கித் தருகிறது. எச்டிஆர் என்று சொல்வது இதைத்தான். இதனால் ஒரு பெரிய லாபம் உண்டு, தொட்ட நொடிக்கும் பதிவான நொடிக்கும் இடைவெளி அநேகமாக இருக்காது. நஷ்டம் என்னவென்றால், இருட்டு உனக்கு வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. நிழல் என்றால் குறை, அதைச் சரி செய்ய வேண்டும் என்றே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மருந்து சுலபம். திரையில் வெளிச்சமான இடத்தை, அதாவது வானத்தை, விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சின்னச் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் படம் கறுத்துக்கொண்டே வரும். அடுத்த பத்து நிமிடத்தில் அவனுக்கும் கறுப்பு உருவம் கிடைத்துவிட்டது, என்னுடையதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலுக்கு எதிரே நின்று திரையைப் பார்ப்பது பெரும்பாடு. ஒரு கையால் போன், இன்னொரு கையை நெற்றிக்கு மேல் கூரை மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். விரலில் வியர்வை இருந்தால் தொடுதிரையும் ஒழுங்காகக் கேட்காது, சென்னையில் எப்போது வியர்க்காமல் இருந்திருக்கிறது. கேமராவில் எட்டிப் பார்க்கும் சின்ன ஜன்னலான வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டிக்கொள்ளும்போது இந்தத் தொல்லை இல்லை, இதைக் கேமராவின் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் வடக்கு மாட வீதிக்குப் போனோம். நவராத்திரி சமயத்தில் அங்கே நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைக் கடைதான். ஓர் அம்மா வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் பிரித்து தசாவதார செட்டை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வராகத்தை வைத்துவிட்டு அடுத்த பொம்மையைத் தேடுகிறார், கை செய்தித்தாளுக்குள் போகிறது, இன்னொரு கையில் கூர்மம். நான் கேமராவைத் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்து, "எந்த பேப்பருப்பா?" என்றார். பேப்பர் இல்லைம்மா, சும்மா எனக்குத்தான் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு நிமிடம் கழித்துத் தம்பி போனை நீட்டினான். உடனே முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "வீடியோவா எடுக்குற? எதுல போடப் போற?" என்று கேட்டார்.

போன் சின்னது, எல்லார் கையிலும் இருப்பது, அதனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றுதான் எங்கும் எழுதியிருப்பார்கள். பத்து வருடம் முன்னால் அது சரி. இன்றைக்கு நம் ஊரில் நீட்டிய போன் என்றால் ரீல்ஸ், யூடியூப், ஏதோ ஒரு ஆள் மைக்கோடு வந்து வம்புக்கு இழுக்கப் போகிறான் என்ற சந்தேகம். கேமராவைப் பார்த்தால் இவன் போட்டோ எடுக்கிறவன் என்று வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது, அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கேமரா என்று சொல்லும்போது சின்னக் கேமராவைச் சொல்கிறேன். முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு போனால் ஒன்று தெருவே போஸ் கொடுக்கும், இல்லையென்றால் கலைந்து போகும். மறைந்து நின்று எடுக்கிறான் என்று தோன்றிவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். அந்த அம்மா பார்த்துவிட்டு, "என் பொண்ணுக்கு அனுப்பேன்" என்று நம்பர் சொன்னார், அங்கேயே வாட்ஸ்அப்பில் போய்விட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவன் அங்கேயே உட்கார்ந்து எடுத்தான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கேமராவின் பின்னால் இருக்கும் மூன்று இன்ச் திரையில் அவருக்குத் தன் முகமே சரியாகத் தெரிந்திருக்காது. ஆக, ஆளை அணுகுவதில் கேமரா ஒரு விதத்தில் உதவுகிறது, போன் ஒரு விதத்தில் உதவுகிறது. உன் சுபாவம் பேசிப் பழகுகிற சுபாவமா, ஓரமாக நின்று பார்க்கிற சுபாவமா என்பதைப் பொறுத்து இது மாறும், கடைக்காரர் சொல்லித் தரும் விஷயம் இல்லை இது.

ஒரு சின்ன விஷயம் ராத்திரிதான் தெரிந்தது. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் அவன் படத்தில் காணோம், மெழுகு பூசிய மாதிரி இருந்தது. பியூட்டி ஃபில்டர் ஆனில் கிடந்திருக்கிறது. பல போன்களில் கடையிலிருந்து வரும்போதே இது போட்டுத்தான் வரும். முதல் வேலையாக செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். அறுபது வருட வெயிலை அந்த முகத்திலிருந்து துடைத்துவிட்டால் அப்புறம் எதற்குப் போட்டோ.

தூரத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சில்லான சென்சார் பெரிதாக இருப்பது) 24 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அகலத்தைக் காட்டும், மி.மீ. எண் குறையக் குறையப் பார்வை அகலம். இது ரொம்ப அகலம். ஓர் ஆள் தலை முதல் கால் வரை படத்தை நிரப்பி நிற்க வேண்டுமென்றால் போனைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் பக்கத்தில் போகணும். 50 மி.மீ. என்றால் அதே ஆளுக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஒன்றரை மீட்டர் என்பது பஸ்ஸில் அடுத்த சீட்டு தூரம், அறிமுகமில்லாத ஆளிடம் அவ்வளவு பக்கத்தில் போக முதலில் கை நடுங்கும். அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று எடுப்பார், படத்தில் ஆள் எறும்பாகவும், பாதிப் படம் தார்ச் சாலையாகவும், மீதியில் மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புத் தகரமும் இருக்கும். உடனே இரண்டு விரலால் ஜூம் பண்ணுவார். அது ஜூமே இல்லை, பல போன்களில் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். 50 மெகாபிக்சல் சென்சாரில் இரண்டு மடங்கு வரை வெட்டினால் தாங்கும், அதைத் தாண்டினால் முடி எல்லாம் பெயிண்ட் பூசிய மாதிரி ஆகிவிடும். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் தனியாக இருக்கிற போன் என்றால் பகலில் நன்றாகவே வரும், ஆனால் அதன் சென்சார் பெரும்பாலும் முதன்மை சென்சாரைவிடச் சின்னது. வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் நம்மிடம் சொல்லாமலே முதன்மைக் கேமராவுக்கு மாறி அதை வெட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு மடங்கு பட்டனைத் தட்டி வைத்துக்கொண்டு அதை மாற்றவே மாட்டேன் என்று ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள், அது கிட்டத்தட்ட 50 மி.மீ. கணக்கு. எங்கே நின்றால் எவ்வளவு அடங்கும் என்று கண்ணே சொல்ல ஆரம்பித்துவிடும். அப்புறம் அகலத்துக்குத் திரும்பினால் ஒன்றரை மீட்டருக்குப் போகும் தைரியமும் கூடவே வந்திருக்கும்.

சின்னக் கருவி என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. 1925 இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமராவைக் கொண்டுவந்தபோது, முக்காலி போட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பழகியவர்களுக்கு அது பொம்மையாகத்தான் பட்டது. சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிம், 24க்கு 36 மி.மீ. அளவில் ஒரு சின்னச் சட்டம், அவ்வளவுதான். இன்றைக்கு நாம் பெருமையாக ஃபுல் ஃபிரேம் என்று சொல்கிறோமே, அது அந்தக் காலத்துச் சின்ன அளவு. அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டுதான் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி கார்த்தியே-பிரசோன் தெருவில் படமெடுப்பது என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டினார். பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ்தான், கேமராவின் பளபளப்பான பாகங்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். நம் திருவண்ணாமலைக்கும் வந்திருக்கிறார், 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில். ஆசிரமத்துக்குள் அந்த நேரத்தில் பெரிய முக்காலியை விரித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். போனுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 2012 இல் சாண்டி புயல் அமெரிக்காவை அடித்தபோது போட்டோகிராபர் பென் லோவி ஐபோனில் எடுத்த அலைப் படம் டைம் இதழின் அட்டையில் வந்தது. போனில் எடுத்தால் போட்டோ ஆகாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஆறரை மணி ஆகிவிட்டது. வெளிச்சம் போய்விட்டது, டீக்கடையில் டியூப்லைட். மாஸ்டர் தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிந்தது.

தம்பி போனில் ஆட்டோவில் எடுத்தான். கடை அழகாக வந்திருக்கிறது, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் முகம் சுத்தமாக இருக்கிறது, பாட்டிலில் இருக்கும் பிஸ்கட்டைக்கூட எண்ணலாம். டீ மட்டும் பழுப்புத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு பட்டை. மாஸ்டரின் மேல் கைக்கு இரண்டு மணிக்கட்டு. என் படத்தில் டீ கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இறங்குகிறது, நடுவில் ஓர் இடத்தில் அறுந்து துளியாகிறது, கீழ் டம்ளரில் நுரை எழும்பி வழியப் போகிறது. ஆனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ், பெஞ்சில் இருந்தவர் முகம் அவன் படத்தில்தான் நன்றாக இருக்கிறது.

காரணம், நகர்வதை உறைய வைக்க ஷட்டர் சீக்கிரம் மூட வேண்டும், நடக்கிற ஆளுக்கே ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு வேண்டும், 1/250 என்று எழுதுவார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் வருகிற வெளிச்சமும் குறைவு. போன் என்ன செய்கிறது, ஷட்டரை 1/30 போல நிறையத் திறந்து வைத்துப் பல படம் எடுத்து அடுக்குகிறது. நைட் மோடு என்றால் ஒன்றிரண்டு நொடிகூட எடுத்துக்கொள்ளும். அசையாத பெஞ்சும் பிஸ்கட் பாட்டிலும் அடுக்க அடுக்கச் சுத்தமாகும். ஆறுகிற டீயை எப்படி அடுக்குவது? ஒவ்வொரு படத்திலும் அது வேறு இடத்தில் இருக்கிறதே.

போனில் இதற்கும் வழி இல்லாமல் இல்லை. நைட் மோடை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் நாமே வைக்கும் புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/250, படத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 1600 என்று வைத்தோம். டீ உறைந்தது, நாய்ஸ் என்னுடையதைவிட மோசமாக வந்தது. அந்த நாய்ஸுக்குக் காரணம் சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., ஒரு தபால் தலை, 864 சதுர மி.மீ. என் டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி வகை சுமார் 330 சதுர மி.மீ. அவன் போன் விலையில் பரவலாகக் கிடைக்கும் சென்சார் 8க்கு 6 மி.மீ. போல, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, 50 சதுர மி.மீ. அவ்வளவுதான். பரப்பு பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் அதிக வெளிச்சம் விழும், நாய்ஸ் குறையும்.

கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. பரப்போடு லென்ஸின் வாயும் முக்கியம், எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது. போன் லென்ஸ் எஃப் 1.8 போல இருக்கும். கேமராவோடு இலவசம் மாதிரி வரும் 18-55 கிட் லென்ஸை 55க்கு ஜூம் பண்ணினால் அது எஃப் 5.6 ஆகிவிடும். என் சென்சார் ஆறரை மடங்கு பெரிதுதான், ஆனால் 1.8க்கும் 5.6க்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது மடங்கைத் தாண்டும். அதாவது அந்தக் கிட் லென்ஸோடு இருட்டில் நின்றால், பெரிய கேமராவுக்கு மொத்தத்தில் கிடைக்கும் வெளிச்சம் போனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. கூடவே போன் பல படங்களை அடுக்கவும் செய்கிறது. நாற்பதாயிரம் கொடுத்து கேமரா வாங்கிவிட்டு ராத்திரியில் என் போனே நன்றாக எடுக்கிறதே என்று நொந்துகொள்கிறவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை, அவர்கள் கண்ணால் பார்த்தது நிஜம். நல்ல லென்ஸ் இல்லாத பெரிய சென்சாரால் பிரயோஜனம் கம்மி.

சின்ன சென்சாருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, அதை யாரும் பாராட்டுவதில்லை. போனில் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாமே தெளிவாக விழும். போனின் எஃப் 1.8 இல் தெளிவாக விழும் ஆழம், ஃபுல் ஃபிரேமில் எஃப் 7, 8 வைத்தால் கிடைக்கிற அளவு. தெருவில் இது வரம். நான் இதே நிலைக்கு வர என் லென்ஸை எஃப் 8 வைத்து, நாலு மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும், அப்போது இரண்டு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரைக்கும் தெளிவாக இருக்கும். போன் பிறவியிலேயே அப்படி. பின்னணி மங்கலாக இருந்தால்தான் நல்ல கேமரா என்று நினைத்துக்கொண்டு தெருவில் போர்ட்ரெய்ட் மோடு போடாதீர்கள். பூக்காரம்மாவை அதில் எடுத்தான், பாதி மல்லிகைச் சரம் தெளிவாகவும் மீதி சரம் பின்னால் போகிற ஆட்டோவோடு கரைந்தும் போயிருந்தது. தவிர, தெருவையே மங்கலாக்கிவிட்டால் அதைத் தெருப் படம் என்று எப்படிச் சொல்வது?

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பொது இடத்தில் சொந்த விருப்பத்துக்குப் படமெடுப்பதற்குப் பொதுவான தடை இல்லை. ராணுவ இடம், விமான நிலையம், துறைமுகப் பகுதிகளில் கட்டுப்பாடு உண்டு. பெண்களை அந்தரங்கமான நிலையில் அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது குற்றம். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதனால் தேர் வெளியே வரும்வரை காத்திருங்கள். சட்டத்துக்கு வெளியே என் பழக்கம் ஒன்று: வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன், குழந்தை என்றால் கூட இருப்பவரிடம் கேட்காமல் எடுக்க மாட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பில் உட்கார்ந்தோம். அவன் 212 படம், நான் 90. என்னுடையதில் முதல் மூன்று படமும் கும்மிருட்டு, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருக்கிறேன், இந்த வயதிலும். அவனுடையதைப் பார்த்துப் பார்த்து, தேறாத படங்களை ஏன் தேறவில்லை என்று காரணப்படி நாலு ஃபோல்டரில் போட்டோம்: ஆள் தூரமாகிவிட்டது, ஆட்டம் கண்டுவிட்டது, வெளிச்சம் தட்டையாகிவிட்டது, படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கடைசி ஃபோல்டரில்தான் கூட்டம், 120க்கு மேல். அந்த ஃபோல்டரை எந்தக் கேமராவாலும் காலி பண்ண முடியாது. தூரம் என்பதைக் காலால் நடந்து சரி செய்யலாம், தட்டை வெளிச்சத்தை அந்தச் சூரியன் குறியால் சரி செய்யலாம். ஆட்டம் கண்டது மட்டும்தான் கருவியின் குற்றம், அதில் 14 படம், பதினான்கும் ஆறு மணிக்கு மேல் எடுத்தவை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள், மூன்று மாதம், வாரம் ஒரு முறை. ஆட்டம் கண்ட ஃபோல்டர் மட்டும் வாராவாரம் வீங்கிக்கொண்டே போனால், அல்லது வெயிலில் திரை தெரியாமல் நீங்கள் விட்ட காட்சிகள் தூக்கத்தில் வந்தால், அப்போது கேமரா வாங்கலாம். வேறொரு நல்ல காரணமும் இருக்கிறது: போனை எடுத்தால் உங்களால் தெருவைப் பார்க்க முடியவில்லை, வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதுவும் வாங்கக் காரணம்தான். பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்பது அவ்வளவு பெரிய காரணம் இல்லை, 12 மெகாபிக்சல் படமே 13க்கு 10 இன்ச்சில் தரமாக வரும்.

வாங்குவதென்றால் சட்டைப் பையிலோ தோள்பையிலோ போட்டுக்கொண்டு மறந்துவிடக் கூடியதாக இருக்கணும். ரிக்கோ ஜிஆர் 3 என்ற கேமரா பேட்டரியோடு 257 கிராம்தான், பல போன்களைவிடக் கொஞ்சம் அதிகம், உள்ளே ஏபிஎஸ்-சி சென்சார், 28 மி.மீ. பார்வை, தெருவுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை 35 மி.மீ. பார்வை, வியூஃபைண்டரும் உண்டு, பார்க்கவும் பழைய பிலிம் கேமரா மாதிரி சாதுவாக இருப்பதால் யாரும் மிரள மாட்டார்கள். புதியது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், அந்த விலையை நினைத்து நாம்தான் மிரள வேண்டும். கையில் இருபதாயிரம்தான் என்றால் செகண்ட் ஹேண்டில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், என்னுடையது போல் ஒரு பான்கேக் லென்ஸும் பாருங்கள். எல்லாரும் சொல்கிறார்கள் என்று 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை முதல் லென்ஸாக வாங்கிவிடாதீர்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் கேமராக்களில் அது 75, 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். ரங்கநாதன் தெருவில் அதை வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போய் யாராவது கடைக்குள் விழ வேண்டியதுதான்.

தம்பி தை பிறந்ததும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினான், அதற்குள் அவன் ஆட்டம் கண்ட ஃபோல்டரில் 90 படம் சேர்ந்திருந்தது. கடைக்கு நானும் போயிருந்தேன். பழைய லென்ஸ் வாங்கும்போது போனின் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்க்கணும், உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடைக்காரர் முதலில் காட்டிய லென்ஸில் அந்த வலை இருந்தது, இரண்டாவது சுத்தமாக இருந்தது.

நம் கடலோரக் காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். பீரோவில் துணிக்கு நடுவே வைக்காதீர்கள், தோல் பைக்குள்ளும் வைக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், வெளிச் சூட்டுக்குப் பழகும்வரை பைக்குள்ளேயே விட்டுவிட்டு அப்புறம் திறக்கணும். வீட்டில் ரப்பர் வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அதில் கேமராவை வைத்தால் போதும். நீல நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பாக மாறிவிடும், பழைய வாணலி ஒன்றை அதற்கென்று ஒதுக்கி அதில் போட்டு லேசாகச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும், அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது. சித்தி தன் அரிசி டப்பாவைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவன் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறான்.